ஸ்க்ரப் டைபஸ்

ஸ்க்ரப் டைபஸ் என்பது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் காய்ச்சல். தமிழகத்தில் செப்சிஸுக்கு, அதாவது தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாகும் நிலைக்கு, இட்டுச்செல்லும் முக்கியத் தொற்றுகளுள் ஒன்று. ரிக்கெட்சியா குடும்பத்தைச் சேர்ந்த இக்கிருமியைப் புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் சிற்றுண்ணிகளின் லார்வாக்கள் கடித்துப் பரப்புகின்றன. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர்மாதங்களிலும் மிகும்.

கடுங்காய்ச்சல், தலைவலி, தசைவலி தோன்றும். கடிபட்ட இடத்தில் உண்டாகும் வலியற்ற கரும்பொருக்கு இதன் தனி அடையாளம். எல்லா நோயாளிகளிடமும் அது காணப்படுவதில்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் மறைந்திருப்பதால், ஆடை விலக்கித் தேடாத பரிசோதனையில் எளிதில் தப்பிவிடும். மூச்சிரைப்பு, மனக்குழப்பம், இரத்த அழுத்தத் தாழ்வு, சிறுநீர் குறைதல் ஆகியவை செப்சிஸைக் காட்டும். இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் கண்டறியும் ஐஜிஎம் எலிசா சோதனை நோயை உறுதிசெய்ய உதவும். கடும் நிலையில் முடிவுக்காகக் காத்திராமல் மருந்து தொடங்கப்படும்.

பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் இதற்குப் பயன்தரா. 1948இல் கோலாலம்பூரில் குளோரம்பெனிக்கால் மருந்து இந்நோய்க்குப் பலனளித்தது. பின்னர் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் வழக்கத்துக்கு வந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு, கடும் நோயுற்ற 794 பேரிடம் இவ்விரண்டையும் சேர்த்து நரம்புவழி தருவதே மேலானது எனக் காட்டியது. மரணம், சிக்கல், நீடித்த காய்ச்சல் ஆகியவற்றின் கூட்டளவு இணைமருந்தில் 33 விழுக்காடு. தனித்தனியே தந்தபோது முறையே 47, 48. மரண விகிதத்தை மட்டும் தனியே நோக்கினால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.