செவிப்பறை செப்பனிட்ட வரலாறு

காதுமடலைச் செப்பனிடுங் கலை மிகப் பழையது. அறுந்த மடலைக் கன்னத்துத் தோல் கொண்டு சீராக்கும் முறை சுசுருத சங்கிதையிலே விரித்துரைக்கப்பட்டுள்ளது. ஆயின் அம்மடலுக்கு ஓரங்குலம் உள்ளே கிடக்கும் செவிப்பறையைச் செப்பனிடும் முறையோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் செம்மையாகக் கைகூடியது. இந்நெடுந் தாமதத்துக்குக் காரணம் யாது? கைத்திறனின் குறைவு மட்டுமன்று; செவிப்பறை என்ன தொழிலைச் செய்கின்றது என்பதனை மாந்தர் முற்றாக உணராமையும் அதற்கு ஒரு பெருங் காரணமாம்.

செவிப்பறை ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து மில்லிமீற்றர் விட்டமும், ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தடிப்பும் உடைய சவ்வு. இத்துணை மெல்லியதாயினும் அது மூன்று படைகளால் ஆயது. வெளிப்படை தோல், உட்படை நடுச்செவியின் சளிச்சவ்வு, இடைப்படை உறுதியான நார். ஒலியினால் இப்பறை அதிரும்போது சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்னும் மூன்று சிற்றெலும்புகளும் அவ்வதிர்வை வாங்கி, உட்செவியின் பாய்பொருளுக்குக் கொடுக்கின்றன. காற்றில் வரும் ஒலி பாய்பொருளின் மேற் படுமிடத்து அதன் பெரும்பகுதி தெறித்துத் திரும்பிவிடும். அவ்விழப்பை ஈடுசெய்வதற்கே இவ்வமைப்பு உளது. பறையின் அதிரும் பரப்பு ஏந்தியுருவின் அடித்தட்டினும் ஏறத்தாழ பதினேழு மடங்கு பெரியது. எலும்புகளின் நெம்புத் தொழிலுஞ் சேர ஒலியமுக்கம் இருபது மடங்குக்கு மேலாகப் பெருகுகின்றது.

பறையிற் றுளை விழுந்தவனுக்கு ஏதேனும் ஒரு மூடி அமைத்துக் கொடுக்கலாம் என்னும் எண்ணம் 1640ஆம் ஆண்டிலேயே தோன்றியது. மார்க்கஸ் பான்ஸர் என்னும் ஜேர்மானியர், எல்க் என்னும் மானினத்தின் குளம்பினாற் செய்த சிறு குழாயின் முனையைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் மூடிக் காதினுட் செருகும் முறையை அவ்வாண்டிலே கூறினார். எனினும் அவர் வழியைப் பின்பற்றுவார் நெடுங்காலம் எவருமிலர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாயிலில் இலண்டன் சத்திரவைத்தியர் ஆஸ்ற்லி கூப்பர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். வைத்திய மாணவன் ஒருவனுக்கு ஒரு காதிற் பறை முற்றாகவும் மற்றைக் காதில் ஓரளவும் அழிந்திருந்தன. ஆயினும் அவன் பிறருடன் உரையாட வல்லவனாயும், புல்லாங்குழலை இனிது வாசிப்பவனாயும் இருந்தான். இதனைக் கண்ட கூப்பர், பறை அழிந்தாலும் கேள்வி முற்றாக அழியாது எனத் துணிந்து, நடுச்செவிக்குக் காற்றைக் கொணரும் ஊத்தேக்கியாவின் குழாய் அடைபட்டோருக்குப் பறையைத் துளைத்துச் சிகிச்சை செய்தார். இவ்வாராய்ச்சிக்காக அவருக்கு 1801இல் இராயல் சங்கத்தின் கொப்பிளிப் பதக்கம் வழங்கப்பெற்றது. செவிப்பறையைப் பற்றிப் புகழ்பெற்ற முதற் சத்திரசிகிச்சை அதனை மூடுவதற்கன்றித் துளைப்பதற்கே எழுந்தது என்பது நினைக்கத்தக்கது.

துளையை மூடினாற் கேள்வி பெருகும் என்பதை வைத்தியருக்குக் கற்பித்தவன் ஒரு நோயாளியே. 1841இல் நியூயோர்க்கிலிருந்து வந்த ஒருவன், எச்சிலில் நனைத்த கடதாசித் துண்டைக் காதின் அடிவரை செலுத்தித் தான் நன்கு கேட்பதாக இலண்டனில் ஜேம்ஸ் யேர்ஸ்லி என்னும் காதுவைத்தியரிடங் கூறினான். யேர்ஸ்லி கடதாசிக்குப் பதிலாக நனைத்த பஞ்சுருண்டையைப் பயன்படுத்தி, 1848இல் அம்முறையை வெளியிட்டார். 1853இல் ஜோசப் ரொயின்பி, மெல்லிய வெள்ளிக் கம்பியிற் பொருத்திய இறப்பர் வட்டத்தைச் செயற்கைப் பறையாக அமைத்தார். நாகரிகங்களின் எழுச்சி வீழ்ச்சிகளை ஆராய்ந்த வரலாற்றறிஞர் ஆர்னல்ட் ஜே. ரொயின்பி இவருடைய பேரனாராவர். இவையெல்லாம் நல்ல துணைகளே. ஆயினும் மூக்குக்கண்ணாடி போல இட்டும் எடுத்தும் பயன்கொள்ளத்தக்கனவேயன்றி, உடலோடு ஒன்றாயின அல்ல.

அமெரிக்காவிற் பொஸ்ரன் நகரத்துக் காதுவைத்தியர் கிளாரன்ஸ் பிளேக் என்பார் துளையின்மேற் சிறு கடதாசித் துண்டை ஒட்டிவிடும் முறையைக் கையாண்டார். அக்கடதாசி மூடியாக மட்டுமன்றி, அதனடியே பறை தானே வளர்ந்து சேர்தற்கு ஒரு பாலமாகவும் உதவிற்று. அலெக்சாந்தர் கிரகாம் பெல்லுக்கு 1874இல் இறந்தோர் ஒருவரின் காதைப் பரிசோதனைக்காக உதவியவரும் இப்பிளேக்கே. மெல்லிய சவ்வொன்று தன்னினும் பாரமான எலும்புகளை அசைத்தலைக் கண்ட பெல்லின் சிந்தனையில், பின்னர்த் தொலைபேசியாக உருப்பெற்ற கருத்து வலுவடைந்தது.

உயிருள்ள இழையத்தைக் கொண்டு துளையை மூட முற்பட்டவர் எமில் பேர்தோல்ட் என்னும் ஜேர்மானியர். 1878இல் அவர் பறையின்மேற் பசைத்துணியை மூன்று நாள் ஒட்டிவைத்துப் பின் உரித்து, அதனால் மேற்றோல் நீங்கிய இடத்திற் றோற்றுண்டைப் பதித்தார். பறையமைப்புச் சத்திரசிகிச்சை என்னும் பொருள்தரும் பெயரை வழங்கியவரும் அவரே. வழி இவ்வாறு திறந்தும், அதன்பின் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அவ்வழியே செல்வார் அரியராயினர்.

அதற்குக் காரணம் உண்டு. அக்காலத்திற் சீழ்வடியுங் காது வெறுங் குறைபாடன்று, உயிர்க்கு இறுதி. சீழ் எலும்பை அரித்து மூளையுறையை அடையின் மரணமே முடிவு. ஆதலால் 1873 தொடக்கம் சுவார்ற்செ முதலிய ஜேர்மானிய வைத்தியர் காதின் பின்புறத்து எலும்பைக் குடைந்து சீழை வெளியேற்றும் முறையை நிலைநாட்டினர். நோய் முதிர்ந்தவிடத்துப் பறையையும் சிற்றெலும்புகளிற் பெரும்பகுதியையும் அகற்றினர். உயிர் தப்பியது, கேள்வி பலியாயிற்று. அன்று அதனைக் குறைகூறுவார் இலர். இரண்டையும் ஒருங்கே காக்க வழி இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் மூன்று துணைகள் வந்து சேர்ந்தன. முதலாவது நுணுக்குக்காட்டி. 1921இல் சுவீடனில் நீலேன் என்பார் காதுச் சத்திரசிகிச்சையில் அதனை முதலிற் பயன்படுத்தினார். ஹொல்ம்கிரேன் இரு கண்ணாலும் நோக்கும் வகையை அடுத்துக் கையாண்டார். 1953இல் சைஸ் நிறுவனம் செப்பமான கருவியை வெளியிட்டது. இரண்டாவது, சல்பா மருந்துகளும் பெனிசிலினும். சீழை மருந்தால் அடக்க முடிந்தபோது, கேள்வியைப் பற்றி நினைக்க வைத்தியருக்கு அவகாசங் கிடைத்தது. மூன்றாவது, செவியின் தொழில் பற்றிய தெளிவு.

அத்தெளிவு யாதெனின், உட்செவிக்கு இரு பலகணிகள் உள. ஏந்தியுரு நீள்வட்டப் பலகணியை உள்ளே அமுக்கும்போது, வட்டப் பலகணி வெளியே புடைத்து இடங்கொடுத்தல் வேண்டும். அன்றேற் பாய்பொருள் அசையாது. பறை அழிந்தவிடத்து ஒலி இரு பலகணிகளிலும் ஏறத்தாழ ஒருங்கே மோதுமாகையால், ஒன்றன் தொழிலை மற்றது கெடுக்கும். எனவே பறையானது ஒலியை ஏற்பது மட்டுமன்று; வட்டப் பலகணியை ஒலியினின்று மறைக்குங் கேடயமுமாம். ஜேர்மனியில் ஹோர்ஸ்ற் வுல்ஸ்ரைன், பிரிற்ஸ் சொல்னர் ஆகிய இருவரும் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு நடுச்செவியைப் புதுக்கியமைக்கும் முறைகளை வகுத்து, 1953இல் அம்ஸ்ரடாம் நகரில் நடந்த அனைத்துலக மகாநாட்டில் எடுத்துரைத்தனர். வுல்ஸ்ரைன் எஞ்சியுள்ள உறுப்புக்களுக்கேற்ப ஐந்து வகைகள் கூறினார். எலும்புகள் மூன்றும் நலமாயின் பறையை மட்டும் மூடுதல் முதல் வகை. ஏந்தியுரு மட்டும் எஞ்சின் புதுப்பறையை அதன் தலையிற் பொருத்துதல் மூன்றாம் வகை. ஒற்றை எலும்பாற் கேட்கும் பறவையின் செவியை அது ஒத்தது.

கொள்கை சரியாயினும் பொருள் பிழைத்தது. இருவரும் தோலையே ஒட்டினர். தோல் தன் மேற்படையை ஓயாது உதிர்க்கும் இயல்பினது. அதனால் ஒட்டிய பறை அழற்சியுற்றது. சில காதுகளில் உதிர்ந்த தோல் திரண்டு எலும்பை அரித்தது. பலவற்றில் துளை மீண்டது. 1957இல் அமெரிக்க வைத்தியர் ஜோன் ஷே, பிறிதொரு சத்திரசிகிச்சையின்போது தற்செயலாகக் கிழிந்த பறையை நாளத்தின் துண்டால் மூடி வெற்றிகண்டார். அடுத்த ஆண்டு ஜேர்மனியில் ஹேர்மான், காதுக்கு மேலே மெல்லுதற்குரிய தசையைப் போர்த்திருக்கும் நாருறையைப் பயன்படுத்தினார். அவ்வுறை தோலன்று, பறையின் இடைப்படையை ஒத்த நாரிழையம். சிறிதளவு ஊட்டத்துடன் உயிர்வாழ வல்லது. பன்றித் தோலும் இறப்பரும் கைத்தோலும் தேடி அலைந்த முந்நூறாண்டுத் தேட்டத்தின் விடை, நோயாளியின் காதுக்கு இருவிரல் மேலே கிடந்தது!

இன்றும் அவ்வுறையே பெருவழக்காக உள்ளது. குருத்தெலும்பும் அதன் உறையும் உடன் வழங்குகின்றன. துளையின் விளிம்பிலே தோலும் சளிச்சவ்வும் ஒன்றையொன்று தொட்டு நிற்பின் வளர்ச்சி நின்றுவிடும். ஆதலால் வைத்தியர் முதலில் அவ்விளிம்பைச் சீவிப் புண்ணாக்குகின்றனர். பின்னர் நாருறையைப் பறையின் உட்புறமாகப் பரப்பி, கரையும் பஞ்சினால் தாங்குகின்றனர். சின்னாட்களில் இருபுறமும் புதுப்படை படர்ந்து, சில வாரங்களிற் பறை முழுமையுறும். தேர்ந்த கைகளிற் பத்துக்கு எட்டு ஒன்பது துளைகள் மூடுகின்றன. ஈண்டு வைத்தியர் செய்வது பாலமிடுதல் மட்டுமே, கடப்பது உடல்.

எனினும் வரலாறு முடிந்துவிடவில்லை. உலகிற் சீழ்வடியுங் காதுடையோர் ஆறரைக் கோடி முதல் முப்பத்துமூன்று கோடி வரையினர் என 2004இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுட் பெரும்பாலார் வறிய நாட்டினர். பள்ளிப் பருவத்தினரும் பலர். வகுப்பின் பின்வாங்கில் மந்தன் எனப் பெயர் சூட்டப்பட்ட மாணவன் உண்மையிற் பாடத்தைக் கேளாதவனாகவும் இருத்தல் கூடும். நோயாளியின் நனைந்த கடதாசியை ஏளனஞ் செய்யாது ஆராய்ந்த வைத்தியர் போல, அம்மாணவனின் மௌனத்தை ஆராயும் ஆசிரியர் வேண்டும். அறிவியல் கண்ட வழி உளது. அவ்வழியில் அவனை முதலிற் செலுத்துபவர் அவன் கேளாமையைக் கண்டுகொண்டவரேயாவர்.