நம்ம தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போன பெண்

எங்க காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. அடிவாரமும் மலையும் சேர்ந்ததுதான் சேந்தமங்கலம் தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இதுவும் ஏற்காடும் மட்டுமே.

2011 தேர்தலில் தே.மு.தி.க. சார்பில் இங்கே வென்றவர் ஆர். சாந்தி அவர்கள். "பொம்பள போய் என்ன பேசப்போறா?"ன்னு டீக்கடையில் கேட்டாங்க. குழுக் கூட்டத்தில் நான் முதல்முதலாக எழுந்தபோதும் அதே கேள்விதான்.

2016 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். அந்த ஆண்டு சி. சந்திரசேகரன், 2021-ல் கே. பொன்னுசாமி என அடுத்து வென்றவர்கள் ஆண்களே.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. சட்டசபையில் பாதி இடம் இல்லை. குழுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுற நாம, வேட்புமனுவிலும் போடத் துணியணும், சகோதரிகளே.