பந்தியில் மிஞ்சியது யாருக்கு?



பொங்கல் விழா அன்றிரவு நம் வளாகத்தில் நடந்த பஃபே விருந்தைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் 3 நாள் ஓடிய விவாதத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். ஓர் அம்மா 2 குலோப்ஜாமூனும் கொஞ்சம் பிரியாணியும் டப்பாவில் போட்டு எடுத்துப் போனதைப் பார்த்த ஒருவர், "பஃபேயில் பார்சல் கட்டுவது நாகரிகமா?" என்று கேட்டார். "காசு கொடுத்தாச்சு, எடுத்தால் என்ன?" என்றார் இன்னொருவர். "குப்பைக்குப் போவதற்கு வயிற்றுக்குப் போகட்டுமே" என்றார் மூன்றாமவர். கடைசியில் செயலாளர் குழுவைப் பூட்டிவிட்டு, "பழைய விஷயமெல்லாம் எழுதுவீர்களே சார், இதைப் பற்றியும் எழுதுங்கள்" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

நான் பி.காம். படித்து 35 வருடம் வங்கியில் லெட்ஜர் புரட்டியவன். எதைப் பார்த்தாலும் "இது யார் கணக்கில்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். மிஞ்சிய சோறு யார் கணக்கில் என்பதற்கு நம் ஊரில் நீண்ட வரலாறே இருக்கிறது.

எச்சில் வேறு, மிச்சம் வேறு

வாழையிலைப் பந்தியில் மிஞ்சும் சாப்பாட்டுக்கு நாம் 2 பெயர் வைத்திருக்கிறோம். இலையில் மிஞ்சினால் எச்சில். அண்டாவில் மிஞ்சினால் மிச்சம். இலையில் விழுந்ததைத் திரும்ப எடுக்கும் வழக்கமே இல்லை. அண்டாவில் இருப்பதோ கல்யாண வீட்டுச் சொத்து. வர முடியாத பாட்டிக்கு ஒரு தூக்கு, எதிர்வீட்டுக்கு ஒரு கேரியர், சமையல்காரருக்குக் கொஞ்சம் என்று பங்கு போகும். அதை எடுத்துப் போகிறவர் தலை குனிய வேண்டியதில்லை. கொடுப்பது வீட்டுக்காரர்.

இதல்லாமல், எடுத்துப் போவதற்கென்றே சமைப்பதும் உண்டு. சம்பந்தி வீட்டார் ஊர் திரும்பும்போது புளியோதரையும் தயிர்சாதமும் வைத்துக் கொடுக்கும் கட்டுசாதக் கூடை, வழியில் ஓட்டல் இல்லாத காலத்து ஏற்பாடு. கோயில் பிரசாதத்தை வாங்கி வந்து அக்கம்பக்கம் கொடுக்காவிட்டால்தான் குறை. ரம்ஜான் மாதம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க, மதம் பார்க்காமல் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். ஆடி மாதம் நம் பக்கத்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போதும் அப்படித்தான். இங்கெல்லாம் பாத்திரம் கொண்டு போவதே முறை.

இந்த வரலாற்றுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. எச்சில் தங்களுக்கு ஆகாது என்றவர்கள், அது இன்னொருவருக்கு ஆகும் என்று நினைத்தார்கள். ஓம்பிரகாஷ் வால்மீகி என்ற இந்தி எழுத்தாளர் 1997-ல் வெளியிட்ட தன் வரலாற்றுக்கு 'ஜூட்டன்' என்று பெயர். எச்சில் என்று பொருள். உத்தரப்பிரதேசக் கிராமமொன்றில், கல்யாண வீட்டில் நாள் முழுக்க வேலை செய்த அவருடைய தாய், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சாப்பாடு கேட்கிறார். வீட்டுக்காரர் எச்சில் இலைகள் நிறைந்த கூடையைக் காட்டி, அது போதாதா என்கிறார். அந்தத் தாய் கூடையை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலுக்கே போகவில்லை. மிஞ்சியதை யாருக்குக் கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்று பேசும்போது இந்தக் கூடையை மறக்கக் கூடாது. நம் தமிழ்நாட்டுக் கிராமங்களும் இதில் விலக்கல்ல.

பஞ்ச காலம்

மிச்சம் என்ற பேச்சே எடுக்க முடியாத காலமும் இருந்தது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். சென்னையிலும் அரிசிக்கு ரேஷன் வந்தது. 1952-ல் முதல்வர் ராஜாஜிதான் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1965-ல் மறுபடி நெருக்கடி. வாரத்துக்கு ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். பல மாநிலங்களில் விருந்துக்கு இத்தனை பேருக்கு மேல் கூப்பிடக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்பது ஆட்சியை மாற்றிய வாக்குறுதிகளில் ஒன்று. அந்தக் காலத்தில் வளர்ந்த நாங்கள் தட்டில் ஒரு பருக்கை விட்டாலும் அப்பாவின் கை முதுகில் விழும். இன்று 60 தாண்டியவர்கள் பஃபே மேஜையில் மிஞ்சியதைப் பார்த்து மனம் பதறுவதற்கு இதுதான் காரணம். அந்த டப்பாவை எடுத்த அம்மாவுக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான்.

எடுப்புச் சாப்பாடு

1980-களின் தொடக்கத்தில் நான் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் வாசி. மாதம் டோக்கன் வாங்கி மெஸ்ஸில் சாப்பாடு. உட்கார்ந்து சாப்பிட்டால் அளவில்லை. எவ்வளவு கேட்டாலும் போடுவார்கள். கேரியரில் எடுத்தால் 'எடுப்புச் சாப்பாடு'. அதற்கு அளவு உண்டு. பஃபே என்ற சொல்லை நாம் கேள்விப்படும் முன்பே, உள்ளே உண்பது வேறு, வெளியே எடுப்பது வேறு என்று நம் மெஸ்காரர்கள் பிரித்துவிட்டார்கள்.

ஒருநாள் அறை நண்பனுக்குக் காய்ச்சல். நான் 2 அப்பளத்தையும் கொஞ்சம் பொரியலையும் இலைத்துண்டில் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். பரிமாறுகிற பையன் பார்த்துவிட்டான். கல்லாவில் முதலாளி கூப்பிட்டார். "காய்ச்சல்காரனுக்குன்னு சொல்லியிருந்தா ரசம் சாதமே குடுத்திருப்பேனே தம்பி, இதுக்கு ஏன் ஒளிச்சு எடுக்கணும்?" என்றார். சொன்னபடியே ஒரு தூக்கில் ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. 40 வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது.

அதே 80-களில் நம் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்க வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் காரும் மோட்டார் சைக்கிளும் பறக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் நம்ப மாட்டார்கள். 1950-களிலிருந்து, இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வரும் வரை, தென்னிந்திய மோட்டார் பந்தயத்துக்கு இதுதான் தலைநகர். வெயிலில் உட்கார்ந்து நாங்கள் தின்றது வீட்டில் கட்டிய மிளகாய்ப்பொடி இட்லி. அன்று சாப்பாடு வீட்டிலிருந்து வெளியே போனது. இன்று ஜி.என்.டி. சாலையில் வெளியிலிருந்து வீட்டுக்கு வருகிறது.

பஃபே வந்த வழி

பல பதார்த்தங்களை ஒரே மேஜையில் வைத்து, விருந்தினரே எடுத்துக்கொள்வது சுவீடன் நாட்டு வழக்கம். 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் சுவீடன் அரங்கில் அதை வைத்தபோது அமெரிக்கர்களுக்குப் பிடித்துப்போனது. 1940-களில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகள், ஆட வந்தவர்களை வெளியே விடாமல் வைத்திருக்க மலிவு விலையில் பஃபே போட்டன. 1958-ல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் இதே முறையை 'வைக்கிங்' என்ற பெயரில் தொடங்கியது. ஜப்பானியர் இன்றும் பஃபேயை அப்படித்தான் சொல்கிறார்கள். நம் பக்கம் நட்சத்திர ஓட்டல்களில் இருந்தது கல்யாண வரவேற்புக்கு வந்து, இப்போது நெடுஞ்சாலை உணவகம் வரை வந்துவிட்டது.

ஒரே விலைக்கு அளவில்லாமல் போட்டு எப்படிக் கட்டுப்படியாகிறது? வங்கிக்காரனுக்கு இது எளிது. டெபாசிட் போட்ட எல்லோரும் ஒரே நாளில் வந்து முழுப் பணத்தையும் எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வங்கி நடக்கிறது. பஃபேயும் அப்படியே. 4 தட்டு சாப்பிடும் இளைஞனும், ஒரு தோசையோடு எழுந்துவிடும் என் மனைவியும் ஒரே காசு கொடுக்கிறோம். சராசரியில் கடை ஓடுகிறது. வயிற்றுக்கு ஓர் எல்லை உண்டு என்பதுதான் அங்கே பாதுகாப்பு. டப்பாவுக்கு எல்லை கிடையாது. நாம் கொடுத்த காசு அங்கே உட்கார்ந்து சாப்பிடும் உரிமைக்கு. மேஜையில் உள்ள பண்டத்துக்கு அல்ல. ஆகவே உணவகத்து பஃபேயில் சொல்லாமல் எடுத்துக் கட்டுவது தவறுதான்.

சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. வாடிக்கையாளர் மிச்சம் வைத்ததைக் கேட்டால் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று பிரான்சில் 2021 ஜூலை முதல் விதி. ஸ்பெயினில் 2025-ல் வந்த உணவு விரயத் தடுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் அளவில்லாத பஃபேக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது. தட்டுக் கணக்கில் வாங்கியது நம்முடையது. மிஞ்சிய பரோட்டாவைத் தயங்காமல் கட்டித் தரச் சொல்லலாம். பஃபே மேஜையில் இருப்பது கடைக்காரருடையது.

அந்த மேஜையில் மிஞ்சியதற்கும் வழி இருக்கிறது. உபரி உணவைச் சேகரித்துப் பகிர்வதற்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. கோயம்புத்தூரில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு, கல்யாண மண்டபங்களில் மிஞ்சுவதை வாங்கித் தேவைப்படுவோருக்குக் கொண்டு சேர்க்கிறது. அப்படிச் சேர்ப்பதிலும் நேரம் முக்கியம். சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் கிருமிக்குக் கொண்டாட்டம். வெளியே ஆறிக் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விஷத்தை உண்டாக்கிவிட்டால், மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. இரவு 7 மணிக்குத் திறந்து வைத்த பிரியாணியை 11 மணிக்குக் கட்டிக் கொடுப்பது தர்மம் ஆகாது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் உணவகங்கள், விருந்துகள் எல்லாம் சேர்ந்து 28 சதவீதம். வீடுகள் 60 சதவீதம். ஆக, பஃபேயைத் திட்டுவதற்கு முன் நாம் அவரவர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பது நல்லது.

நம் வளாகத்துக் கணக்கு

இப்போது பொங்கல் விருந்துக்கு வருகிறேன். அது உணவகம் அல்ல. நாம் சந்தா போட்டு, இத்தனை தட்டு என்று சமையல் ஒப்பந்தக்காரருக்குக் காசு கொடுத்து வரவழைத்தது. மிஞ்சியது கடைக்காரருடையது அல்ல. கல்யாண வீட்டு அண்டா மாதிரி, நம் எல்லோருக்கும் பொது. ஆகவே அந்த அம்மா எடுத்தது திருட்டும் இல்லை, அநாகரிகமும் இல்லை. பந்தி முடியும் முன் எடுத்தார் என்பது மட்டுமே குறை. அதற்கு வாட்ஸ்அப்பில் அத்தனை பேர் பேசியிருக்க வேண்டாம்.

பேசியிருக்க வேண்டியது வேறொன்று. அது என் தவறு. இதை எழுதச் சம்மதித்ததே அதைச் சொல்லத்தான்.

அன்றிரவு பத்தேகாலுக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மேஜையில் கிடந்த பிரியாணியையும் அடியில் ஒட்டிய குருமாவையும் ஒரு தட்டில் வழித்து, கேட்டில் இருந்த காவலாளியிடம் கொண்டு போனேன். "சாப்பிடுங்க தம்பி, நிறைய மிஞ்சிப்போச்சு" என்றேன். அவர் எழுந்து நின்று, "வேணாம் சார், நான் சாப்பிட்டாச்சு" என்றார். நல்லது என்று தட்டைத் திரும்ப எடுத்து வந்தேன். காலையில் பால் வாங்கப் போனபோது துப்புரவு செய்யும் அம்மா சொன்னார்: அவர் அன்றிரவு சாப்பிடவே இல்லையாம். 2 பன்னும் டீயும்தானாம்.

மாலை 6 மணியிலிருந்து நம் விருந்தினர்களின் காரை வரிசையாக நிறுத்த வைத்தவர் அவர். இலைக் கூடையைக் காட்டிய அந்த வீட்டுக்காரருக்கும், "மிஞ்சிப்போச்சு" என்று தட்டை நீட்டிய எனக்கும் எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்த்தேன். நான் நினைத்துக்கொண்டிருந்த அளவு தூரம் இல்லை. மறுநாள் அவரிடம் போய், "நேத்து நான் கொண்டுவந்த விதம் சரியில்லை தம்பி, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றார். வேறென்ன சொல்வார்.

அதனால் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் 4 யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, ஒப்பந்தக்காரரிடம் தட்டுக் கணக்கு சொல்லும்போதே காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், மோட்டார் போடுபவர், தோட்டக்காரர் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு, அவர்கள் முறை மாற்றிக்கொண்டு நம்மோடு அதே மேஜையில் சாப்பிட வேண்டும். வர முடியாதவருக்கு முதலிலேயே சூடாக எடுத்து வைக்க வேண்டும். மூன்று, படுக்கையில் இருப்பவர்கள், வயதானவர்களுக்கு வீட்டுக்கு எடுத்துப் போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்தால், திறந்து வைக்கும் முன்பே தனியாகக் கட்டித் தரலாம். நான்கு, கடைசிப் பந்தி முடிந்ததும் மிஞ்சியதை, நல்ல நிலையில் இருந்தால், விரும்புகிற யாரும் டப்பா கொண்டுவந்து எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் புத்தாண்டு விருந்துக்குத் தட்டுக் கணக்கு எடுக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பணியாளர்கள் பெயர்ப் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன். உங்கள் வீட்டில் வேலை செய்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் யாராவது அன்று வளாகத்தில் இருப்பார்கள் என்றால், அவர்கள் பெயரையும் மாத இறுதிக்குள் சங்க அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.