தரை கூட்டிய மாணவனும் ஒரு சட்டமும்

லின்டன் ஜோன்சன் என்றதும் வியட்நாம் போர்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அது நியாயமே. ஆயினும், 1965 நவம்பர் 8ஆம் திகதி உயர்கல்விச் சட்டத்தில் கையொப்பமிட அந்த அமெரிக்க ஜனாதிபதி வெள்ளை மாளிகையைத் தெரிவு செய்யவில்லை என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் மார்கோஸ் என்ற ஊருக்கு, தாம் படித்த ஆசிரியர் கல்லூரிக்கே அவர் சென்றார். மாணவனாகத் தரை கூட்டியதையும் காலுறை விற்றதையும் அன்றைய உரையில் நினைவுகூர்ந்தார்.

1927இல் அங்கு சேர்ந்த ஜோன்சனிடம் படிப்பை முடிக்கப் பணம் இருக்கவில்லை. துப்புரவுப் பணி செய்தார். பின்னர் கல்லூரித் தலைவரின் அலுவலகத்தில் உதவியாளரானார். அதுவும் போதாமல் இடையில் கல்லூரியை விட்டு, கொட்டூலா என்ற ஊரில் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துச் சம்பாதித்துத் திரும்பினார்.

பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1935 ஜூனில், ரூஸ்வெல்ட் தேசிய இளைஞர் நிர்வாகத்தை அமைத்தார். நூலகத்திலோ ஆய்வுகூடத்திலோ அலுவலகத்திலோ வேலை செய்யும் கல்லூரி மாணவருக்கு மாதம் சராசரியாக 15 டொலர் கிடைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குத் தீனி போட்டு அப்பணத்தைப் பெற்ற ஒருவர் பின்னாளில் நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் ஆனார். டியூக் பல்கலைக்கழகத்தில் மணித்தியாலத்துக்கு 35 சதம் கூலி பெற்ற சட்ட மாணவர் ரிச்சர்ட் நிக்சன். டெக்ஸாஸில் இத்திட்டத்தை நடத்த நியமிக்கப்பட்டவரோ 26 வயது ஜோன்சன்! ஆக, திட்டத்தை நடத்திய ஒருவரும் அதில் கூலி பெற்ற ஒருவரும் அடுத்தடுத்து ஜனாதிபதியாயினர்.

போர்க்காலத்தில், 1943இல், அந்த நிர்வாகம் மூடப்பட்டது. 1964 ஓகஸ்ட் 20ஆம் திகதி ஜோன்சன் கையொப்பமிட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் அதே எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. வறிய குடும்பத்து மாணவருக்குக் கல்லூரி வேலை கொடுக்க வேண்டும்; கூலியில் 90 வீதத்தை மத்திய அரசு தரும்; வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 15 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது.

பணத்தைக் கொடையாகவே கொடுத்திருக்கலாமே என்ற கேள்வி எழும். உழைக்காதவனுக்கு அரசு பணம் கொடுப்பதை அமெரிக்க வாக்காளர் எளிதில் ஏற்பதில்லை. கூலி என்றால் மறுப்புக் குறையும். பெறுபவனுக்கும் அதில் ஒரு தலைநிமிர்வு உண்டு.

நான் கலைப்பீடத்தில் படித்த நாட்களில் 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல நிதியின் உதவி கிடைத்தது, அது கொடை. போதாததற்கு இரவில் ஓர் அச்சகத்தில் ஒப்புநோக்குநராக இருந்தேன். அச்சகக் கூலியை எண்ணி வாங்கியபோது இருந்த மிடுக்கு மற்றப் பணத்தைப் பெற்றபோது இருந்ததில்லை. ஆனால் காலை விரிவுரைகளில் நான் தூங்கியதும் அந்தக் கூலியால்தான்.

அந்த 15 மணித்தியால வரம்பு இதைத்தான் ஒப்புக்கொள்கிறது என்று நினைக்கிறேன். வறிய மாணவன் நூலகத்தில் புத்தகங்களை அடுக்கும் வேளையில், வசதியுள்ளவன் அதே நூலகத்தில் அமர்ந்து அவற்றை வாசித்துக்கொண்டிருப்பான். சான் மார்கோஸில் தரை கூட்டியவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.