காலிக் கோட்டை வாசலில் ஏன் சேவல்?



தரம் 8 பிள்ளைகளைக் காலிக் கோட்டையின் பழைய வாசலுக்குக் கூட்டிப் போயிருந்தோம். வெளியே நின்று பார்த்தால் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கி நிற்கும் பிரித்தானிய அரச இலச்சினை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் வேறொன்று. இரண்டு சிங்கங்களுக்கு நடுவில் ஒல்லாந்துக் கம்பனியின் வி.ஓ.சி. எழுத்துகள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், சிங்கம் சரி, சேவல் எதுக்கு?"

இந்த வாசலால் ஆயிரம் தடவை போய் வந்த நம்மில் எத்தனை பேர் அதை நிமிர்ந்து பார்த்திருப்போம்?

சேவலுக்குக் காரணம் காதில் விழுந்த ஒரு பெயர். சிங்களத்தில் 'கல' என்றால் பாறை, 'கால' என்றால் மாட்டுப் பட்டி. ஊர்ப்பெயர் இவற்றில் ஒன்றிலிருந்து வந்தது என்பார்கள். போர்த்துக்கேய மொழியில் 'கலோ' என்றால் சேவல். தமக்குத் தெரிந்த சொல்லாகவே பெயரைக் கேட்டார்கள், சேவல் ஊரின் சின்னமாகிவிட்டது. அவர்கள் கரையிறங்கிய நேரம் சேவல் கூவியது என்றொரு கதையும் உண்டு. அது பின்னால் கட்டியது என்றே எமக்குப் படுகிறது. 1640இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் சேவலை விடவில்லை, கல்லிலேயே வைத்தார்கள். 1796இல் வந்த பிரித்தானியர் தங்கள் சின்னத்தை வெளிப்பக்கம் பதித்துவிட்டு, உள்ளே இருந்ததை அப்படியே விட்டார்கள். தமிழில் காலி என்றால் வெறுமை. அதைக் கேட்டு யாரும் வெறுங்குடம் ஒன்றைச் செதுக்கி வைக்காதது நமது அதிர்ஷ்டம்!

ஆனால் போர்த்துக்கேயர் வருவதற்கு ஏறத்தாழ 160 வருடங்களுக்கு முன்பே இப்பெயரைச் சரியாகக் கேட்டு எழுதியவர் ஒருவர் இருக்கிறார். 1344இல் தெவிநுவரவிலிருந்து இங்கு வந்த இப்னு பதூதா, இதைக் 'காலி' என்ற சிறு ஊர் என்கிறார். இப்ராஹீம் என்ற முஸ்லிம் மாலுமி தன் இடத்தில் தமக்கு விருந்தளித்ததையும் குறிப்பிடுகிறார். அந்த இப்ராஹீமுக்கு இங்கே எந்தச் சின்னமும் இல்லை.

நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பியது இன்னொரு கல்லைப் பற்றி. சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹே கொண்டுவந்த கல் அது. அவரும் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்தான். கல்லின் உச்சியில் எதிரெதிரே இரண்டு டிராகன்கள். கீழே 1409ஆம் ஆண்டுக்குரிய வாசகம், சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரக் கோயிலின் தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே.

அதற்காக அந்தக் கடற்படையைப் புனிதமாக்க வேண்டாம். அதே ஜெங் ஹேதான் 1411 அளவில் இந்த நாட்டு ஆட்சியாளர் ஒருவரைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். டிராகனும் ஒரு பேரரசரின் முத்திரைதான்.

1911இல் இந்தக் கல் மீண்டும் கண்ணில் பட்டபோது எங்கே கிடந்தது தெரியுமா? காலி நகரில் ஒரு மதகின் மேல் மூடியாக! சேவல் வாசலுக்கு மேலே நிற்க, நம் தமிழும் பாரசீகமும் பொறித்த கல்லின் மீது வண்டிகள் ஓடியிருக்கின்றன. வேண்டுமென்று அவமதித்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. உறுதியான கல், பாலத்துக்கு உதவியது, அவ்வளவுதான். அந்த மொழிகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லாமல் போயிருந்தார்களா? அல்லது இருந்தும் யாரும் கேட்கவில்லையா?

கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில். பாரசீகப் பகுதிதான் அதிகம் தேய்ந்துபோயிருக்கிறது. அடுத்த தவணைச் சுற்றுலா வழக்கம்போல தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு. இன்ஷா அல்லாஹ், இம்முறை நூதனசாலையிலும் ஒரு மணித்தியாலம் பஸ்ஸை நிறுத்தக் கேட்டிருக்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் "அங்கே என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால், இந்தப் பதிவைக் காட்டுங்கள்.