அமெரிக்காவில் கேஸ்பர்ஸ்கி தடையும் வீட்டுக் கணினிகளின் ஆன்டிவைரஸ் மாற்றமும் (2024)

2024 செப்டம்பர் 29 அன்று, அரசாணையின்படி, அமெரிக்காவில் கேஸ்பர்ஸ்கி நச்சுநிரல் தடுப்பு மென்பொருளுக்கான அப்டேட்டுகள் நின்றன. ரஷ்ய நிறுவனம் ஒன்றின் ஆன்டிவைரஸை வீட்டுக் கணினிக்குக்கூட விற்கக் கூடாது என்று அமெரிக்க வணிகத் துறை எடுத்த முடிவு இது. அத்துறை தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி இவ்வகைத் தடையை விதித்தது அதுவே முதல் முறை. அதுவரை கேஸ்பர்ஸ்கியைப் பயன்படுத்தி வந்தவர்கள் மாற்று மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் பலருக்கு அந்தத் தேர்வு கைக்கே வரவில்லை.

பிற மென்பொருள்களைப் போல ஆன்டிவைரஸைப் பழைய பதிப்பிலேயே வைத்துக் காலம் தள்ள முடியாது. புதிய நச்சுநிரல்கள் நாள்தோறும் வருவதால் அவற்றின் அடையாளங்கள் அப்டேட்டாக வந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. கணினியில் திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் ஆன்டிவைரஸ் படிக்கிறது. இயங்குதளத்தின் மிக உயர்ந்த உரிமைகளோடு இயங்குகிறது. சந்தேகத்துக்குரிய கோப்பை ஆய்வுக்காக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பவும் செய்கிறது. இந்த வேலைமுறையைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

தொடக்கமும் புகழும்

யூஜின் கேஸ்பர்ஸ்கி சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.யின் உயர்கல்விப் பள்ளியில் படித்து 1987இல் பட்டம் பெற்றவர். 1989இல் அவருடைய கணினியில் கேஸ்கேட் என்னும் நச்சுநிரல் தொற்றியது. டாஸ் திரையில் உள்ள எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து அடியில் குவிவது அதன் விளைவு. அதை ஆராய்ந்து நீக்க அவர் எழுதிய நிரலே பின்னாளைய தொழிலுக்கு வித்தானது. 1997இல் நடாலியா கேஸ்பர்ஸ்கி உள்ளிட்டோருடன் சேர்ந்து மாஸ்கோவில் கேஸ்பர்ஸ்கி லேப் நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் உள்ள ஏவி-கம்பாரடிவ்ஸ் ஆகிய சோதனைக் கூடங்களின் முடிவுகளில் கேஸ்பர்ஸ்கி தொடர்ந்து முன்வரிசையில் இருந்தது. வீட்டுப் பயனர் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியலைத்தான். அரசுகள் பார்த்தது வேறொன்றை. 2012இல் ஃபிளேம் என்னும் உளவு நிரலையும், 2015இல் ஈக்வேஷன் குழு என்று பெயரிட்ட உளவாளிகளின் கருவிகளையும் இந்நிறுவனமே வெளிப்படுத்தியது. ஈக்வேஷன் குழு அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையோடு தொடர்புடையது என்பது பரவலான கருத்து.

ஒரு வீட்டுக் கணினியில் தொடங்கிய சிக்கல்

2017 செப்டம்பர் 13 அன்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, கூட்டாட்சி அலுவலகங்களின் கணினிகளில் இருந்து கேஸ்பர்ஸ்கியை நீக்கும் பணியை 90 நாட்களுக்குள் தொடங்க ஆணையிட்டது. ரஷ்யச் சட்டங்களின்படி அந்நாட்டு உளவு அமைப்புகள் நிறுவனத்தை ஒத்துழைக்கும்படி கட்டாயப்படுத்த முடியும் என்பது சொல்லப்பட்ட காரணம். அடுத்த மாதமே ஒரு செய்தி வெளியானது. தேசியப் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்த ஒருவர் இரகசியக் கோப்புகளைத் தன் வீட்டுக் கணினிக்குக் கொண்டுசென்றதாகவும், கேஸ்பர்ஸ்கி வழியாக அவை ரஷ்யர்களிடம் போனதாகவும் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது.

நிறுவனம் தன் தரப்பை விளக்கியது. 2014இல் ஒரு வீட்டுக் கணினியில் ஈக்வேஷன் குழுவின் கருவிகளைத் தன் மென்பொருள் கண்டுபிடித்ததாகவும், அவை இருந்த சுருக்கக் கோப்பு வழக்கம்போல ஆய்வகத்துக்கு வந்ததாகவும், அதில் இருந்தது என்னவென்று தெரிந்ததும் அழித்துவிடும்படி யூஜின் உத்தரவிட்டதாகவும் கூறியது. அதே கணினிக்காரர் திருட்டு எம்எஸ் ஆஃபீஸை இயக்க ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருந்தார் என்றும், அந்தத் திருட்டு நிரலில் பின்கதவு ஒன்று இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னது. இரகசிய ஆவணங்களை வீட்டில் வைத்திருந்த குற்றத்துக்காக அம்முகமையின் முன்னாள் ஊழியர் ஒருவருக்கு 2018இல் ஐந்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பத்திரிகைகள் அவ்வழக்கை இந்நிகழ்வோடு தொடர்புபடுத்தின.

எந்தத் தரப்பை நம்பினாலும் ஒன்று மாறுவதில்லை. சந்தேகத்துக்குரிய கோப்பைக் கண்டுபிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியது மென்பொருளின் கோளாறு அல்ல. நல்ல ஆன்டிவைரஸ் செய்ய வேண்டிய வேலையே அது. ஆய்வகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதுதான் வழக்கானது.

நிறுவனம் தன் பயனர் தரவுகளைக் கையாளும் பணியைச் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகருக்கு மாற்றத் தொடங்கியது. மூல நிரலைப் பிறர் பார்வையிட மையங்களைத் திறந்தது. அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குகள் 2018இல் தள்ளுபடியாயின. உக்ரைன் போர் தொடங்கிய பின் 2022 மார்ச்சில் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகமும் கேஸ்பர்ஸ்கிக்குப் பதிலாக வேறொன்றை நிறுவிக்கொள்ளும்படி அறிவுறுத்தியது.

நூறு நாள் அவகாசம்

2024 ஜூன் 20 அன்று வணிகத் துறைச் செயலாளர் ஜினா ரைமண்டோ தடையை அறிவித்தார். ஜூலை 20 முதல் புதிய விற்பனை கூடாது. செப்டம்பர் 29 வரை அப்டேட்டுகள் தரலாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்துவது குற்றமல்ல, ஆனால் உடனே மாற்றிக்கொள்வது நல்லது என்று சொல்லப்பட்டது. ஜூலையில் நிறுவனம் தன் அமெரிக்கக் கிளையை மூடுவதாக அறிவித்தது.

மாற்று தேடியவர்களுக்குக் கடையில் பெயர்களுக்குக் குறைவில்லை. உரிமையாளர்களோ அத்தனை பேர் இல்லை. அவாஸ்ட் 2016இல் ஏவிஜியை வாங்கியது. நார்ட்டன் நிறுவனம் அவிராவை வாங்கி, 2022இல் அவாஸ்டோடும் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆனது. நார்ட்டனா, அவாஸ்டா, ஏவிஜியா, அவிராவா என்று யோசித்தவர் ஒரே வீட்டின் நான்கு வாசல்களைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ரஷ்யத் தொடர்பு இல்லாத நிறுவனம் என்பதாலேயே தரவு பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அறிவித்தது அதே 2024 பிப்ரவரியில்தான்.

பலர் கவனிக்காத இன்னொரு மாற்று கணினியிலேயே இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2003இல் ருமேனியாவின் ஜிகேட் நிறுவனத்திடம் இருந்து ஆன்டிவைரஸ் தொழில்நுட்பத்தை வாங்கியது. 2009இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் இலவச மென்பொருளை வெளியிட்டது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, டிஃபெண்டர் முழுமையான ஆன்டிவைரஸாக இயங்குதளத்துக்குள்ளேயே சேர்ந்தது. வேறு ஆன்டிவைரஸை நிறுவினால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அதை நீக்கினால் தானே மீண்டும் வேலையைத் தொடங்கும். ஆகவே கேஸ்பர்ஸ்கியை நீக்கிவிட்டு வேறெதுவும் வாங்காத விண்டோஸ் பயனரின் கணினியும் காவலின்றி நின்றுவிடவில்லை.

விற்பனைத் தடைக்கு முந்தைய நாளான ஜூலை 19இல், சம்பந்தமே இல்லாத இன்னொரு நிகழ்வு உலகையே நிறுத்தியது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்றால் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அது அலுவலகங்களுக்கான மென்பொருள். ஆனாலும் இயங்குதளத்தின் ஆழத்தில் இடம் பெற்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதைப் பொதுமக்கள் கண்கூடாகப் பார்த்த நாள் அதுதான்.

அல்ட்ராஏவி

செப்டம்பர் தொடக்கத்தில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு கேஸ்பர்ஸ்கி மின்னஞ்சல் அனுப்பியது. பாங்கோ குழுமத்தின் அல்ட்ராஏவி என்ற மென்பொருள் இனித் தங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் என்றது அதன் சாரம். ஏறத்தாழ பத்து இலட்சம் பேரின் சந்தா இப்படிக் கைமாறியது. அவர்களில் பலர் கேள்விப்பட்டிராத பெயர் அது.

செப்டம்பர் 19 முதல் பல விண்டோஸ் கணினிகளில் கேஸ்பர்ஸ்கி தானாகவே நீங்கி, அந்த இடத்தில் அல்ட்ராஏவி வந்து அமர்ந்தது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை, யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. மின்னஞ்சலைப் பார்க்காதவர்கள் காலையில் கணினியைத் திறந்து, நச்சுநிரல் புகுந்துவிட்டது என்றே பதறினார்கள். சிலருக்கு அல்ட்ராவிபிஎன் என்னும் மற்றொரு மென்பொருளும் சேர்ந்து வந்தது. நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் அல்ட்ராஏவி திரும்பவும் நிற்கிறது என்று முறையிட்டவர்களும் உண்டு. பாதுகாப்பில் இடைவெளி விழக் கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கம் தந்தது. டிஃபெண்டர் தானே விழித்துக்கொள்ளும் கணினிகளில் அந்த இடைவெளி எங்கிருந்து வரும் என்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை.

தேசியப் பாதுகாப்பு முகமையில் உயர் பொறுப்பில் இருந்த ராப் ஜாய்ஸ், கேஸ்பர்ஸ்கிக்கு இத்தனை ஆழமான உரிமையைக் கொடுத்து வைப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இந்நிகழ்வையே சான்றாகக் காட்டினார். அந்த வாதத்தை மறுப்பது கடினம். அரசு ஏழு ஆண்டுகளாகச் சொல்லி வந்ததை நிறுவனம் தன் கடைசி அப்டேட்டால் மெய்ப்பித்தது. ஆனால் அந்த உரிமை கேஸ்பர்ஸ்கிக்கு மட்டும் உரியதல்ல. அதன் இடத்துக்கு வந்த அல்ட்ராஏவியும் அதே உரிமையோடுதான் வந்தது.

2024 அக்டோபர் தொடக்கத்தில் கூகுள் தன் பிளே ஸ்டோரில் இருந்து கேஸ்பர்ஸ்கியின் ஆண்ட்ராய்டு செயலிகளையும் நீக்கியது.