புகை நீங்கியதாக நம்பிய காலம்

இருப்புப்பாதையில் வந்த ஊர்திக்கு நாம் புகைவண்டி என்று பெயரிட்டோம். கண்ணில் பட்ட கரும்புகையே பெயருக்குக் காரணம். நிலக்கரி எந்திரம் போய் டீசல் எந்திரம் வந்தபின் அப்புகை பெருமளவு மறைந்தது. பெயர் நெடுங்காலம் வழக்கில் நின்றது. மறைந்த புகை உண்மையில் நீங்கிவிட்டதா என்பதை அமெரிக்க இருப்புப்பாதைத் தொழிலாளர் வரலாற்றின் வழியே காணலாம்.

1934 மே 26 அன்று செஃபைர் என்னும் டீசல் ரயில் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு ஒரே பகலில் ஓடிப் புகழ்பெற்றது. 1945க்குப் பின் மாற்றம் விரைவு பெற்று, 1959இல் அந்நாட்டு ரயில் எந்திரங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு டீசலுக்கு மாறிவிட்டன. நிலக்கரி அள்ளும் வேலையும் சாம்பல் வாரும் வேலையும் ஒழிந்தன. ஆனால் டீசல் புகையில் உள்ள கரித்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கும் தொண்டையும் தடுக்க இயலாத அத்துகள்கள், புற்றுநோய் விளைவிக்கும் சேர்மங்களைச் சுமந்துகொண்டு நுரையீரலின் காற்றுப்பைகள்வரை செல்கின்றன.

இதன் விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார். எனினும் இத்தொழிலாளர்க்கு ஒரு சான்று இருந்தது. 1935இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட இருப்புப்பாதை ஓய்வூதிய வாரியம், 1959 முதல் ஒவ்வொருவரும் எந்த ஆண்டில் எந்த வேலை பார்த்தார் என்னும் விவரத்தை வைத்திருந்தது. ஓய்வூதியக் கணக்குக்காகப் பேணிய அப்பதிவுகளே பின்னர் மருத்துவ வரலாற்றின் மூல ஆவணமாயின.

ஹார்வர்டைச் சேர்ந்த எரிக் கார்ஷிக்கும் உடன் ஆய்ந்தோரும், 1959இல் 40 முதல் 64 வயதுக்குள் இருந்த 55,407 பேரின் பதிவுகளை 1980 வரை தொடர்ந்து, 1988இல் முடிவை வெளியிட்டனர். டீசல் எந்திரங்களோடு நெடுங்காலம் பணிசெய்யும் வாய்ப்பு அன்று 40 முதல் 44 வயதினராய் இருந்தோர்க்கே மிகுதி. அவர்களுள் டீசல் புகையிடையே பணியாற்றியோர்க்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, புகை படாத வேலையினரைவிட ஏறத்தாழ 1.45 மடங்காக இருந்தது. புகைபிடித்தலே காரணமாகலாமே என்று வாசகர் கேட்கலாம். 1987இல் வெளிவந்த அவர்களது முந்தைய ஆய்வு, இறந்தோரின் உறவினரிடம் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து, கல்நார்த் தூசியையும் கணக்கில் கொண்டது. அதன்பின்னும், 64 வயதுக்குள் இறந்தோரிடையே டீசல் புகையின் தொடர்பு மறையவில்லை.

ஜெய்ம் ஹார்ட்டும் பிறரும் 2006இல் மூச்சுக்குழல் அடைப்பு நோயை ஆராய்ந்தனர். டீசல் வருகைக்குப் பின் பணியில் சேர்ந்தோர்க்கு, புகையிடையே கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடியிருந்தது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை 1988இல் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வகையில் வைத்தது. 2012 ஜூன் மாதத்தில்தான் ஐயமற உறுதி செய்தது. 1959இல் 40 வயதினராய் இருந்தவர் அன்று உயிரோடிருந்தால் வயது 93.

இத்தனைக்கும் இவர்கள் பதிவேடு உள்ள தொழிலாளர். எவர், எங்கே, எத்தனை ஆண்டு புகையில் நின்றார் என்று எவரும் எழுதி வைக்காத தொழில்களில் இக்கணக்கைத் தொடங்கவே வழியில்லை. அங்கே சான்று இல்லை என்பதைத் தீங்கு இல்லை என்று நாம் படித்துவிடலாகாது.